ஆறு வோல்ட்டு ஆரன்

தேரிவிளையில் பொன்னுலிங்கத்தின் கார் ஆரன் அடித்தால் ஊரில் பாதிப் பேர் "இன்னா வந்துட்டேன்" என்று பதில் குரல் கொடுப்பார்கள், மீதிப் பேர் செய்துகொண்டிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பார்கள். அந்தப் பழைய கறுப்பு பிளைமவுத்தின் ஆரன் கேட்கிறவர்களையெல்லாம் பேர் சொல்லிக் கூப்பிடும், அவ்வளவுதான் விஷயம். சத்தம் என்னவோ ஒரே சத்தம்தான், சளி பிடித்த கிடா இருமின மாதிரி 'ப்பேம்' என்று ஒன்று. ஆனால் அந்த ஒரு ப்பேம், பரோட்டா மாஸ்டர் தவசிக்கு அவன் அக்காமார் சின்ன வயசில் வைத்த 'ஏ குண்டப்பா'வாக விழும். அதே நேரம் அவன் கல்லுக்கு எதிரே சால்னா ஊற்றித் தின்றுகொண்டிருக்கும் லாரி டிரைவருக்கு, என்றைக்கோ கோவித்துக்கொண்டு போன கூட்டாளி குரலில் 'மாப்ளே' என்று விழும். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி, ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்டுக்கொள்ளாமல் குனிந்துகொள்வார்கள்.

ஏன் கூப்பிடுகிறது என்று கேட்டால் யாருக்குத் தெரியும். பாளையங்கோட்டையில் ஒரு டாக்டர் பங்களாவின் பின்பக்கம் கோழி அடைகாத்துக்கொண்டிருந்த காரைப் பொன்னுலிங்கம் வாங்கி, கோழியை எழுப்பிவிட்டு, டிங்கர் வேலை பார்த்து, பெயிண்டு அடித்து, கல்யாணத்துக்கு வாடகைக்கு விடலாம் என்று ஊருக்கு ஓட்டிக்கொண்டு வந்த அன்றைக்கு, பஸ் ஸ்டாண்டு முக்கில் குறுக்கே நின்ற ஒரு ஆட்டைப் பார்த்து ஆரனை அமுக்கினார். ஆடு நகரவில்லை, பஸ் ஸ்டாண்டு முழுக்கத் திரும்பியது. அன்றிலிருந்து அப்படித்தான்.

முதல் ஒரு வாரம் கூப்பிட்டது யார் யார் என்று ஊர் தேடிக்கொண்டு திரிந்தது. அடுத்த வாரம், கூப்பிட்டது என்னைத்தான் உன்னை இல்லை என்று சண்டை போட்டுக்கொண்டது. அதற்கடுத்து, மனுசர்கள் எதற்கும் பழகிப்போகிற மாதிரி இதற்கும் பழகிப்போனார்கள். கார் வருகிற நேரம் பார்த்து அடுப்பில் பாலை வைக்காமல் இருக்கப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள், சவரக்கடை சுயம்பு தெருமுனையில் கறுப்பாக ஏதாவது தெரிந்தால் கத்தியை மடக்கிவிடுவார், சர்ச்சில் பூசை நேரத்தில் பாதிச் சனம் எழுந்துவிடுகிறது என்று ஃபாதர் வந்து சொல்லிவிட்டுப் போனார், கோயில் தர்மகர்த்தாவும் அதையே சொன்னார், ரெண்டு பேரும் போகிறபோது மட்டும் 'ஒரேயொரு தடவை அடிங்க' என்று கேட்டு, கேட்டுக்கொண்டு, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனார்கள். பேங்க் மேனேஜர் பீகார்க்காரர், அவரை அவர் அம்மா 'பபுவா' என்று கூப்பிடுவாளாம். ப்ரோமோஷன் கொடுத்து வேறு ஊருக்குப் போகச் சொன்னபோது வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்குக் காரணம் கேட்டவர்களிடம் இந்த ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்கிறது என்று சொன்னார். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் குருபாதத்துக்கு ஒரு மகள் இருந்து, பேச்சு வருவதற்கு முன்னாலேயே தவறிப்போயிருந்தாள். அவள் அவரை 'அப்பா' என்று கூப்பிட்டாள், அதுவும் நல்ல திருத்தமாக. கூப்பிட்டவர்கள்தான் கூப்பிட வேண்டும் என்று அந்த ஆரனுக்கு ஒரு சட்டமும் இல்லை. யார் குரலுக்குக் காது காத்துக் கிடக்கிறதோ அந்தக் குரலில் அது கூப்பிட்டது.

அந்த ஊரிலேயே ஒருத்திக்கு மட்டும் ஒன்றும் கேட்காமல் இருந்தது. ஆப்பக்காரி என்றால்தான் தெரியும், பேர் என்ன, எந்த ஊரிலிருந்து வந்தாள், யாருக்கும் தெரியாது. 'எனக்கு வெறும் ப்பேம்தான் கேக்கு' என்று அவள் சிரித்துக்கொண்டே ஒருநாள் சொன்னதும் தெருப் பெண்களுக்கு அது நெஞ்சில் அடித்த மாதிரி ஆகிவிட்டது. உடனே அவளுக்குப் 'பவளம்' என்று ஒரு பேரை வைத்து, காரியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பவளம், ஏ பவளம், பவளத்தைப் பாத்தியளா என்று போகிறபோதும் வருகிறபோதும் கூப்பிட்டுக் கூப்பிட்டு, வருசம் ஒன்று திரும்பியிருக்கும், ஒரு சாயங்காலம் ஆரன் அடித்த கையோடு அவள் கரண்டியைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஓடிவந்தாள். அன்றைக்கு ஆப்பம் பூராவும் கருகிப்போனது, தெரு பூராவும் அதைத்தான் வாங்கித் தின்றது.

கல்யாண வீட்டுக்காரர்கள் வந்து 'காரு இருக்கா' என்று கேட்கமாட்டார்கள், 'ஆரன் இருக்கா' என்றுதான் கேட்பார்கள். மாப்பிள்ளை அழைப்பில் மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு மேளமும் வாணமுமாக ஊர்ந்து வந்து மண்டபத்து வாசலில் ஒரு அடி. பொண்ணை அனுப்புகிறபோது ஒரு அடி, அதற்குப் பொண்ணு அழுவாள், பொண்ணைப் பெற்றவர் அழுவார், சமையல்காரர்கள்கூட அழுவார்கள்.

அழாதவர் பொன்னுலிங்கம் ஒருத்தர்தான். ஏனென்றால் அமுக்குகிறவன் காதுக்கு அந்தக் குரல் விழாது. ஸ்டியரிங்கை இன்னொருத்தன் தொட அவர் விட்டதும் இல்லை. காரைத் துடைக்கக்கூட ஆளை விடமாட்டார், அப்படி ஒரு கிறுக்கு. ஆகவே இத்தனை வருசமும் அவர் கேட்டது வெறும் ப்பேம். ஊர் சொல்லுவதையெல்லாம் கேட்டு 'அப்படியா, அப்படியா' என்று தலையாட்டுவார், நாலு வாடகை கூட வருகிறதே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார், நம்பினாரா என்றால் முழுசாக நம்பவில்லை.

அவர் வீட்டம்மா பேர் சண்முகவடிவு. அந்தப் பேர் ரேஷன் கார்டில் இருந்தது, கல்யாணப் பத்திரிகையில் இருந்தது, வேறெங்கேயும் இல்லை. அம்மாவும் அப்பாவும் போய்ச் சேர்ந்தாயிற்று. ஊருக்கு அவள் கார்க்காரர் வீட்டம்மா, கொழுந்தன்மாருக்கு மதினி, துபாயில் இருக்கிற மகனுக்கு போனில் 'எம்மா'. பொன்னுலிங்கத்துக்கு அவள் 'ஏளா'. கட்டின பொண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று கல்யாணமான புதிதில் ஒரு கூச்சம், பிற்பாடு அந்தக் கூச்சமே வழக்கமாகி, முப்பது வருசத்துக்கு மேல் அந்த ஏளாவிலேயே காலம் ஓடிவிட்டது. அவளும் அவர் பேரைச் சொன்னவள் இல்லை. கணக்கெடுக்க வருகிறவர்கள் வீட்டுக்காரர் பேர் கேட்டால், சுவரில் மாட்டியிருக்கிற கல்யாணப் போட்டோவுக்குக் கீழே எழுதியிருப்பதைக் கையைக் காட்டி 'நீங்களே எழுதிக்கிடுங்க' என்பாள்.

கல்யாணச் சவாரி முடிந்து திரும்புகிறபோது தெரு திரும்பினதும் பொன்னுலிங்கம் கேட்டைத் திறப்பதற்காக ஒரு ஆரன் அடிப்பார். அவள் சேலை முந்தியில் கையைத் துடைத்துக்கொண்டே வருவாள். வந்தவள் உடனே திறக்கமாட்டாள், கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிசம் அப்படியே நிற்பாள். முகம் சிவந்திருக்கும், அடுப்படியிலிருந்து வருகிறாள் அல்லவா என்று இவர் நினைத்துக்கொள்வார். "ஏளா, ஒரு கேட்டத் தொறக்க எம்புட்டு நேரம்?" என்று கத்துவார். உனக்கு யார் கூப்பிடுகிறார்கள் என்று தெருப் பெண்கள் கேட்டால் 'எனக்கும் கேக்கும்' என்பதோடு நிறுத்திக்கொள்வாள். அவரும் ஒருநாளும் கேட்டதில்லை.

எல்லாம் நல்லபடியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மரக்கடைக்காரர் வீட்டு மூத்த பையன் மாப்பிள்ளை அழைப்பில் வந்தது வினை. ஊர்வலம் நடு பஜாருக்கு வந்ததும் கார் நின்றுவிட்டது. செல்ப் எடுக்கவில்லை, முனகியது. முன் விளக்கு ரெண்டும் சாகப்போகிற அகல் மாதிரி சிவந்து சுருங்கிக்கொண்டே போயின, வீடியோக்காரன் 'வெளிச்சமே இல்ல, மூஞ்சி தெரியல' என்று கூவினான், பொன்னுலிங்கம் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஹாண்டில் போட்டுச் சுற்றினார், சுற்றினார், கை ஓய்ந்ததுதான் மிச்சம். மாப்பிள்ளையின் தாய்மாமன் ஒருத்தர், வாயில் வெற்றிலையோடு, "நாம மாப்பிள்ளையத்தான அழைச்சோம், காரையுமா அழைச்சோம்? தள்ளுங்கடே!" என்றார். பஜார் சிரித்தது. மேளக்காரன்கூட வாசிப்பதை நிறுத்திவிட்டுச் சிரித்தான். பொன்னுலிங்கத்துக்கு அன்றைக்கு ஏறின சூடு இறங்கவே இல்லை.

"அண்ணாச்சி, இது ஆறு வோல்ட்டு வண்டி," என்றான் ஆட்டோ எலக்ட்ரீசியன் ரெக்ஸ்லின். "ஆறு வோல்ட்டு பேட்டரிக்கு இந்தக் காலத்துல எங்க போவீய? பன்னெண்டாக்கிருவோம். பாடி பூராவும் பிளஸ்லா எர்த்தாக் கெடக்கு, அதத் திருப்பி மைனஸ எர்த்தாக்கணும். டைனமோவக் கழத்திட்டு ஆல்டர்னேட்டர் மாட்டணும், காயில், பல்பு எல்லாம் புதுசு. பொறவு பாருங்க, தொட்டதும் உறுமும். போன் சார்ஜ் போடலாம், பாட்டு போடலாம், வெளிச்சம் அடிச்சுதுன்னா எதிர்க்க வாரவன் கண்ணு அவிஞ்சு போவும்."

மரக்கடைக்காரரின் இளைய பையனுக்கும் கல்யாணம் வைத்திருந்தார்கள். அதே வீடு, அதே பஜார், அதே தாய்மாமன். பொன்னுலிங்கம் நடையாய் நடந்து, 'இந்தத் தடவை பாருங்க' என்று கெஞ்சாத குறையாகச் சொல்லி, அந்த ஊர்வலத்தையும் வாங்கியிருந்தார்.

காரை ஷெட்டுக்கு எடுக்கிற அன்று காலையில் சண்முகவடிவு காப்பித் தம்ளரைக் கொடுத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"எல்லாத்தையும் மாத்துங்க. ஆரனை மட்டும் தொடாதிய."

"ஏன்?"

"சும்மாத்தான்."

"சும்மாவா ஒருத்தி ஆரனைப் பத்திப் பேசுவா?"

அவள் சுவரைப் பார்த்தாள். "என்னிக்காவது உங்ககிட்ட எனக்கு இது வேணும்னு வாய் தொறந்திருக்கனா?"

யோசித்துப் பார்த்தால் திறந்ததே இல்லை. சேலைகூட அவர் எடுத்து வருவதுதான். "சரி சரி, தொடல," என்று சொல்லிவிட்டு அவர் காப்பியைக் குடித்தார்.

வேலை ரெக்ஸ்லின் சொன்னதைவிட அதிக நாள் இழுத்தது. ஊர்வலத்துக்கு முந்தின நாள் மத்தியானம், புது பேட்டரி உட்கார்ந்து, விளக்கெல்லாம் பளீரென்று எரிந்து, பொன்னுலிங்கம் பல்லெல்லாம் தெரிய நின்றுகொண்டிருந்தபோது, ரெக்ஸ்லின் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "ஆரன் ஒண்ணுதான் பாக்கி. இது ஆறுக்கு உள்ளது, பன்னெண்டக் குடுத்தா தாங்காது. நடுவுல ஒரு ரெசிஸ்டர் போட்டு வோல்ட்ட இறக்கிக் குடுத்தா இதையே வச்சுக்கிடலாம். மதுரைக்குச் சொல்லிவிடணும், திங்கக்கெழம வந்துரும்."

"ஊர்வலம் நாளைக்குல்லா?"

"ஆமா. இல்லன்னா புதுசு ஒரு ஜோடி கையில இருக்கு, இப்பவே மாட்டிரலாம்."

ஆரன் இல்லாமல் நாளைக்கு ஒருநாள் ஓட்டியிருக்கலாம். திங்கட்கிழமை என்ன தொலைதூரமா? அவள் சொன்னது அவருக்கு மறந்துபோயிற்று என்று சொன்னால் அது பச்சைப் பொய். காரை எடுத்த அன்று காலையில் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாளே, அந்த நிற்பு அப்படியே கண்முன்னால் வந்தது. ஆனால் அதைவிடப் பெரிசாக அந்தத் தாய்மாமனின் வெற்றிலை வாய் வந்தது. வீட்டில் இருக்கிறவளுக்கு ஆரனைப் பற்றி என்ன தெரியும், சொன்னால் கேட்டுக்கொள்வாள், எங்கே போய்விடப் போகிறாள் என்று நினைத்தார்.

"புதுச மாட்டு," என்றார்.

"கழத்துததுக்கு முன்ன ஒரு தடவ பன்னெண்டக் குடுத்துப் பாப்போம், தாங்கினாலும் தாங்கும்," என்று சொல்லிக்கொண்டே ரெக்ஸ்லின், அவரைத் தவிர யாரும் உட்காராத அந்த டிரைவர் சீட்டில் சாவகாசமாக ஏறி உட்கார்ந்தான். பொன்னுலிங்கம் பானெட்டுக்கு முன்னால் நின்றார். கார் வாங்கின நாளிலிருந்து, ஆரன் அடிக்கிறபோது அவர் காருக்கு வெளியே நிற்பது அதுதான் முதல் தடவை.

ரெக்ஸ்லின் அமுக்கினான்.

"பொன்னு," என்றது.

பெண்குரல். அம்மா இல்லை, அம்மா அவரை லிங்கம் என்பாள். யார் இது, யார் இது என்று அவர் தலைக்குள் துழாவினார், அத்தையா, செத்துப்போன தங்கச்சியா என்று எல்லாரையும் நிறுத்திப் பார்த்தார், ஒருத்தரும் பொருந்தவில்லை. அதன்பிறகுதான் உறைத்தது. 'சோறு போடட்டுமா' என்று தினமும் கேட்கிற குரல். போட்டோவைக் கையைக் காட்டுகிறவளின் குரல். முப்பது வருசமாக வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பழகி வைத்திருந்த பேரை ஒரு நாளைக்கு வெளியில் சொல்லிவிட்ட மாதிரி, அத்தனை சுவாதீனமாக, அத்தனை பிரியமாக, பொன்னு.

பானெட்டுக்குள்ளிருந்து கரிந்த நாற்றம் வந்தது, வெள்ளையாகக் கொஞ்சம் புகை வந்தது.

"இன்னொரு தடவ அமுக்குலே!"

"போச்சு அண்ணாச்சி. ஆரனுக்குள்ள இருக்க காயில் வெந்துட்டு. நல்ல சத்தமாத்தான் கேட்டுது, ஆனா தாங்கல."

"அமுக்குன்னு சொல்லுதேன்லா!"

ரெக்ஸ்லின் அமுக்கிக் காட்டினான். ஒன்றும் இல்லை. பொன்னுலிங்கம் இறங்கச் சொல்லி அவரே உட்கார்ந்து அமுக்கினார், பழைய ஆறு வோல்ட்டு பேட்டரியைக் கொண்டுவரச் சொல்லி அதில் தொட்டுப் பார்த்தார், ஆரனைக் கழற்றிக் கையில் எடுத்துக் குலுக்கினார், சூடு கையைப் பொசுக்கியது. அந்த நேரம் ஊரில் அத்தனை பேரும் ரோட்டில் நின்றார்கள். ரெண்டு மடங்கு கரண்டில் கூப்பிட்ட கூப்பாடு ஊர் எல்லைவரை போயிருந்தது. கம்பவுண்டர் குருபாதம் ஊசியும் கையுமாக ஆஸ்பத்திரி வாசல் வரை ஓடிவந்துவிட்டு, மறுபடியும் கூப்பிடுவாள் என்று வெயிலில் ரொம்ப நேரம் நின்றார்.

அன்று சாயங்காலம் தெரு திரும்பினதும் பழக்க தோசத்தில் பொன்னுலிங்கத்தின் கை ஆரனை அமுக்கியது. 'பீ...பூம்' என்று புது ஜோடி அலறியது. கேட் திறக்கவில்லை. அவரே இறங்கித் திறந்து, காரை உள்ளே விட்டுவிட்டு, அடுப்படிக்குப் போனார். அவள் அரிவாள்மணையில் உட்கார்ந்து புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏளா," என்றார்.

"கேட்டுது," என்றாள் அவள், நிமிரவில்லை. "மத்தியானம் பெருசா ஒரு தடவ. இனிமே கேக்காதுன்னு அப்பமே தெரிஞ்சு போச்சு."

"அந்த ரெக்ஸ்லின் பயதான்..." என்று ஆரம்பித்தார். முடியவில்லை. "இல்ல. நாந்தான் மாத்தச் சொன்னேன். திங்கக்கெழம வரைக்கும் பொறுத்திருக்கலாம், பொறுக்கல."

"ம்."

"உனக்கு அதுல யாரு கூப்பிட்டா?"

நறுக்குகிற கை நின்றது. "வேற யாரு? நீங்கதான்."

"நானா? நான் என்னிக்கு ஒன்ன..."

"அதான்," என்றாள் அவள்.

"என்ன பேரு சொன்னேன்? முழுப் பேரா? சுருக்கியா?"

"கேட்டு வாங்குத பேரா அது?" என்று சொல்லிவிட்டு நறுக்கினதை அள்ளிக்கொண்டு எழுந்து போனாள். அவள் ஒரு பாட்டம் அழுதிருந்தாலோ, ஏசியிருந்தாலோ அவருக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் சோறு போட்டாள். எனக்கும் இன்றைக்குக் கேட்டது, நீ என் பேரைச் சொன்னாய் என்று அப்போதே சொல்லியிருக்கலாம், சோற்றைப் பிசைந்துகொண்டே ரெண்டு தடவை வாயைத் திறந்தார். குழம்பு கேட்கிறார் என்று நினைத்து அவள் குழம்பை ஊற்றினாள்.

மறுநாள் ஊர்வலம் ஜம்மென்று போனது. தொட்டதும் உறுமியது, வெளிச்சம் கண்ணைப் பறித்தது, மாப்பிள்ளை போனில் சார்ஜ் போட்டுக்கொண்டான், தாய்மாமன் பக்கத்தில் வந்து 'வண்டின்னா இது வண்டி' என்று தோளில் தட்டினார். பொன்னுலிங்கத்துக்கு அது தோளோடு நின்றுவிட்டது. மண்டபத்து வாசலில் ஆரன் அடித்தார், சனங்கள் காதைப் பொத்திக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். ஆரன் என்பது அதற்குத்தானே.

ஊர் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூப்பிடுகிறதற்குப் பழகின மாதிரியே கூப்பிடாததற்கும் பழகிக்கொண்டது; எந்த நேரத்திலும் பாலை அடுப்பில் வைத்தார்கள், சுயம்பு கத்தியை மடக்காமல் சவரம் செய்தார், பேங்க் மேனேஜர் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லிவிட்டு மாற்றல் வாங்கிப் போனார், கம்பவுண்டர் வாசலுக்கு வருவதை நிறுத்தினார். ஆப்பக்காரியைப் பவளம் என்று இன்னும் கூப்பிட்டார்கள், அது நின்றுவிடக்கூடாது என்று கொஞ்சம் சத்தமாகவே கூப்பிட்டார்கள். காயிலைத் திரும்பச் சுற்றித் தருகிறேன் என்று ரெக்ஸ்லின் நாலு தடவை சுற்றிப் பார்த்தான். சத்தம் வந்தது, பேர் வரவில்லை.

பொன்னுலிங்கம் காரில் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டுச் சொல்லிப் பழகினார். வடிவு. சண்முகம். ஏ வடிவு. எதைச் சொன்னாலும் வாடகைக்கு எடுத்த சட்டை மாதிரி அவர் வாய்க்கு அது பொருந்தாமல் நின்றது. இதில் எதை அந்த ஆரன் சொல்லியிருக்கும், வேறு ஏதாவது செல்லப் பேரா, அது தனக்கே தெரியாத பேரா என்று நினைக்க நினைக்க, தன் குரலில் இத்தனை வருசமும் இன்னொருத்தன் அவளோடு பேசிக்கொண்டிருந்த மாதிரியும், அவன் கழுத்தைத் தானே நெரித்துவிட்ட மாதிரியும் இருந்தது. கடைசியில், தனக்கு நிச்சயமாகத் தெரிந்தது ரேஷன் கார்டில் இருக்கிற பேர் ஒன்றுதான், அதையே சொல்லுவோம் என்று முடிவு கட்டினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், அவள் அடுப்படியில் தேங்காய் துருவிக்கொண்டிருக்க, அவர் முன்னறையில் நாற்காலியை விட்டு எழுந்து நின்று, தொண்டையைச் செருமி, சட்டைப் பொத்தானைச் சரிபண்ணிக்கொண்டு கூப்பிட்டார்.

"சண்முகவடிவு!"

துருவுகிற சத்தம் நின்றது.

"இந்தாருங்க, கேட்டியளா," என்றாள் அவள் உள்ளேயிருந்து. "வாசல்ல யாரோ என் பேரச் சொல்லிக் கூப்பிடுதாங்க. கேஸ்காரனா இருக்கும், போயி என்னன்னு பாருங்க."

பொன்னுலிங்கம் போய்க் கதவைத் திறந்து, வாசலில் இறங்கி, தெருவில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். வெயில் காய்ந்துகொண்டிருந்தது. திரும்பி வந்து கதவைச் சாத்தினார்.

"யாரு அது?" என்று அவள் கேட்டாள்.

"யாரோ தெரியல," என்றார். "கூப்பிட்டுப் பாத்துட்டுப் போயிட்டான்."